கொழும்பு இல்லாத நாலு நாள்

2024ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. காற்று இல்லை. வானத்தில் மூன்று முகில்கள் நின்றன. மூன்றும் மழைக்கு உதவாதவை. நான் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கொழும்பு இலக்கம். ஒரு பெண்ணின் குரல், மிகவும் மரியாதையாக, என்னை ஐயா என்று அழைத்து, நான் மீன் சாப்பிடுவேனா மரக்கறியா என்று கேட்டது.

மீன் என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏன் என்று யோசிப்பது என் வழக்கம். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் சம்பளக் கணக்கு எழுதியவனுக்கு அப்படித்தான் வரும். அவள் அடுத்து சீனி வருத்தம் உண்டா, இரவில் எத்தனை தரம் எழும்புவேன், தனி அறையா இருவர் அறையா என்று கேட்டாள். அப்போதுதான் கத்தியை வைத்துவிட்டு, நீங்கள் யார் என்றேன். முதியோர் பராமரிப்பு இல்லம் என்றாள். ஓகஸ்டில் மகள் என்னை அழைத்துவந்து இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாளாம். முற்பணமும் கட்டியாயிற்றாம்.

அங்கே என்ன மீன் தருவீர்கள் என்று கேட்டேன். கடல் மீன் என்றாள். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊரோரம் கிடக்கும் மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்று மீன் தின்று எழுபத்தாறு வயதாகிறது எனக்கு.

மகள் லண்டனில் இருக்கிறாள். இருபது வருடத்துக்கு மேல். என் மனைவி நாலு வருடத்துக்கு முன் இறந்தபின் நான் தனியாக இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் மகள் ஒரு விடுமுறைத் திட்டம் அனுப்பியிருந்தாள். அவளும் மருமகனும் வருகிறார்கள், பேரப்பிள்ளைகள் இருவருக்கும் வேறு வேலையாம், வரவில்லை. நான் ரயிலில் கொழும்புக்குப் போய் அவர்களோடு சேரவேண்டும். இரண்டு நாள் கொழும்பு பார்த்தல். காலிமுகத்திடல், நூதனசாலை, கடைத்தெரு. இரண்டாம் நாள் மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு சிநேகிதியின் தாயாரைச் சந்தித்தல். பிறகு யாலவில் சிறுத்தை. பிறகு தெற்குக் கரையில் கடல். பிறகு விமானம்.

அதை முதல் தரம் வாசித்தபோதே இரண்டு பிழை கண்டேன். கொழும்பில் மூன்று பேருக்கு அறை. யாலவில் இரண்டு பேருக்கு. அதோடு, நான் வீடு திரும்பும் வழி எங்கும் இல்லை. மகள் கணக்கில் எப்போதும் கவனக்குறைவு, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், என்று நினைத்து விட்டிருந்தேன். மீன் கேட்ட பெண் அந்தப் பிழை இரண்டையும் ஒரு நிமிடத்தில் சரியாக்கினாள். சிநேகிதியின் தாயார் இருக்கும் இடமும் விளங்கியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான்தான் கழிக்கப்பட்டிருந்தேன்.

மார்ச்சில் கல்லடியிலிருந்து ஒருவன் வந்து, கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டு, குடித்துப் பார்த்து, மதிலைக் காலடியால் அளந்துவிட்டுப் போனான். முகவரி தவறி வந்தவன் என்று தேத்தண்ணியும் கொடுத்தேன். வீடு வாங்க வந்தவனுக்கு ஊற்றிய அந்தத் தேத்தண்ணியும் இப்போது நினைவுக்கு வந்தது.

வீடு மகளின் பெயரில் இருக்கிறது. எங்கள் பகுதி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே ஆண்பிள்ளைக்கு வீடு இல்லை. பிறப்பது தாயின் வீட்டில், வாழ்வது மனைவியின் வீட்டில், மனைவியின் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்பக்கம் ஒரு சிறு வீடு கட்டிப் போவது. நாங்களும் அப்படித்தான் பின்னால் போனோம். மகளும் மருமகனும் லண்டன் போனபின் வீட்டைப் பூட்டி வைத்தால் கறையான் தின்னும் என்று முன்னால் வந்தோம்.

சீதன உறுதிப் பத்திரம் எழுதிய நாளில், அதை எழுதிய நொத்தாரிசு பேனையை நிறுத்தி, பெற்றாருக்குச் சீவிய உரித்து வைக்கவா என்று கேட்டார். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அது. ஒரு வரி. எழுதினால் போதும். ஆனால் அறையில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த ஒரு வரியைக் கேட்பது, உங்கள் மகன் எங்களைத் தெருவில் விடுவான் என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. இங்கே எந்தத் தகப்பனும் கேட்கமாட்டான். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். தேவையில்லை என்றேன். மாப்பிள்ளையின் தாய் மாமன் சிரித்து, பெரிய மனுசர் என்றார்.

அந்தப் பெரிய மனுசருக்குத்தான் கொழும்பில் கட்டில் போட்டிருந்தார்கள்.

வரமாட்டேன் என்று ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கொழும்பு போகாமல் விடுவேன், அவ்வளவுதான். வீடு அவளுடையது. லண்டனில் இருந்தபடியே வேறொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்து விற்கலாம். எனக்கு வேண்டியது அவளுடைய கையெழுத்து; அந்தக் கை மட்டக்களப்புக்கு வரவேண்டும்; அதுவும் கந்தோர்கள் திறந்திருக்கும் ஒரு நாளில். ஆகவே நான் விடுமுறைக்குச் சம்மதித்தேன். சந்தோசமாகச் சம்மதித்தேன். சில திருத்தங்கள் மட்டும் உண்டு என்று சொன்னேன்.

கடலை மாற்றுவது இலேசாக இருந்தது. ஓகஸ்டில் தெற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்; கிழக்கில்தான் பருவம். அறுகம்பையில் வெள்ளைக்காரன் பலகையோடு வந்து கிடப்பது அதற்காகத்தான். மருமகன் இணையத்தில் தேடிப் பார்த்து, மாமா சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்னைச் சரி என்று சொல்ல நேர்ந்தால் அவருக்குக் குரல் தடிக்கும். அது எனக்கு வருமானம்.

யாலவுக்கு ஒரு கிழமை பிடித்தது. அவருக்குச் சிறுத்தை வேண்டும். லண்டனில் ஒரு சிறுத்தைப் படம் வீட்டுச் சுவரில் மாட்ட இடம் விட்டு வைத்திருக்கிறாராம். ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் நெருங்கி நின்று புழுதி குடிக்கும், சிறுத்தையைவிட ஜீப்பைத்தான் படமெடுப்பீர்கள் என்றேன். அறுகம்பையிலிருந்து பாணமை வழியாகக் குமணக் காடு கிட்ட, அங்கே ஆள் குறைவு என்றேன். சிறுத்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பார்க்கக் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிஞ்சியது கொழும்பு. அதில்தான் அவர்கள் அசையவில்லை. என் கால் வீங்கும், ரயிலில் எட்டு மணித்தியாலம் தொங்கப்போட முடியாது என்றேன். முதல் வகுப்பு எடுப்போம் என்றார்கள். வெயில் என்றேன். குளிரூட்டி என்றார்கள். நகரம் பார்ப்பதென்றால் மட்டக்களப்பில் புளியந்தீவும் நகரம்தானே, கோட்டை இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, கோயில், தேவாலயம், பழைய பள்ளிக்கூடங்கள், பாலம், எல்லாம் நடக்கும் தூரம் என்றேன். மருமகன் சிரித்தார். அவர் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவர். பாடசாலைக்குப் போன ஊரைச் சுற்றிப் பார்க்கவா லண்டனிலிருந்து வருவது என்றார். கடைசியில் இரகசியத்தை வெளியே வைப்பவர்போல மூச்சு விட்டார்.

“மாமா, கொழும்பு ஹொட்டேலுக்கு முழுக்காசும் கட்டியாச்சு. அறுபத்தி நாலாயிரத்து ஐநூறு. வராட்டித் திருப்பித் தரமாட்டானுகள்.”

“அதை நான் தாறன்.”

அவர் தொகையை இன்னொரு தரம் சொல்லிக் கேட்டார். அதேதான் என்றேன். பஸ்ஸில் மிச்சம் இரண்டு ரூபா தராத நடத்துனரோடு கல்முனை வரை வாதாடிப் போனவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் மகள் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அழுதிருந்தாள். அப்பாவுக்கு எங்களோடு ஊரில் இருக்க இவ்வளவு ஆசை என்று தெரியாது, கொழும்பை விடுவோம், நேரே வீட்டுக்கே வருகிறோம் என்றாள். அதை இரண்டு தரம் கேட்டேன். ஓம் மகள் என்று பதில் போட்டேன். அவள் அழுத காரணம் பிழை. ஆனால் அவள் என்னிடம் சொன்ன சிநேகிதியின் தாயாரும் பிழைதானே. நான் திருத்தவில்லை.

வங்கியில் போட்டிருந்த வைப்பை முறித்தேன். பழைய நொத்தாரிசு இறந்துவிட்டார். அவரிடம் வேலை பழகியவர் புளியந்தீவில் கந்தோர் வைத்திருக்கிறார். உறுதியின் பிரதியைக் கொண்டுபோய், அன்று விட்ட அந்த ஒரு வரிக்கு ஆவணம் எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுக்கும் மகள் சம்மதமா என்று கேட்டார். வந்து நிற்கும்போது கேளுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு, சாட்சிக்கு இரண்டு பேர் வேணும், ஒராள் என்னட்ட இருக்கார் என்றார். மற்ற ஆளையும் நான் யோசித்து வைத்திருந்தேன்: விமான நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டிவர நான் பேசிய வான் ஓட்டுபவர். எங்கள் ஊர்க்காரர், மகளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவரிடம் மட்டும் விசயத்தைச் சொன்னேன். அவர் நாடியைச் சொறிந்து, “ஐயா, இதுக்கு மறுகா என்ட வானுக்குள்ள சண்டை பிடிக்கக் கூடாது” என்றார்.

ஓகஸ்ட் 12ஆம் திகதி திங்கட்கிழமை இரவு வந்து இறங்கினார்கள். மருமகன் கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியெல்லாம் நித்திரையாம். மகள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஈரம் ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். விற்கும் ஆள் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. சோற்றுக்கு இறால் கறியும் திரளி மீன் பொரியலும் வைத்திருந்தேன். நன்றாயிருக்கு என்றாள். ஆற்று மீன் என்றேன். அவள் இன்னொரு துண்டு எடுத்தாள்.

மறுநாள் காலை ஒன்பதுக்குப் புளியந்தீவு. கடவுச்சீட்டை எடுத்து வா, கோட்டைக்குள் அடையாளம் கேட்டாலும் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. பீரங்கிகளை எண்ணிக் காட்டினேன். மருமகன் மதிலில் ஏறி வாவியைப் படமெடுத்தார். மகள் தன் பழைய பள்ளிக்கூட வாசலில் நின்று, இந்த மரம் இவ்வளவு பெரிதாக இருந்ததா என்று கேட்டாள். பத்தரைக்கு, வெயில் ஏறிவிட்டது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போவோம் என்று ஒரு படியேறினேன். பின்னால் வந்தார்கள். வான்காரர் எங்களுக்கு முன்பே உள்ளே போய், சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் பெயர்ப்பலகையை உள்ளே வந்துதான் வாசித்தாள்.

“இது என்ன இடம் அப்பா?”

“நொத்தாரிசுட கந்தோர். சீவிய உரித்து எழுதி வச்சிருக்கு. உண்ட கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.”

“என்ன விளையாட்டு இது?”

“சிநேகிதிட தாயைப் பாக்க எத்தின மணிக்கு வரச் சொன்னவங்க? மூணா?”

அவள் முகம் மாறியதை நான் சொல்லத் தேவையில்லை. ஆரு சொன்னது என்று கேட்டாள். அவங்களே போன் எடுத்தாங்க, மீன் தின்னுறதா எண்டு கேட்டாங்க என்றேன். நொத்தாரிசு மேசையில் இருந்த பேனையை நேராக்கி வைத்தார். அதை முன்பே இரண்டு தரம் நேராக்கியிருந்தார்.

மருமகன்தான் முந்தினார். எல்லாம் உங்கட நன்மைக்குத்தான் மாமா, விழுந்து கிடந்தா ஆரு தூக்குற என்றார். வீட்டு முத்தத்தில விழுந்தா முத்தத்தில கிடப்பன், கொழும்பில போய் விழச் சொல்லுறீங்களா என்றேன். இப்படி மனுசரைக் கூட்டி வந்து கையெழுத்துக் கேக்கிறது மோசடி என்றார். உங்கட திட்டத்தைப் பாத்துத்தான் படிச்சன் தம்பி, நகரம் பாக்கக் கூட்டிப் போறதுதானே என்றேன். அவர் எழுந்து வாசலில் போய் வீதியைப் பார்த்து நின்றார்.

மகள் இருந்தாள். ஆவணத்தை எடுத்து முழுக்க வாசித்தாள், இரண்டு பக்கமும். தமிழ் வாசிக்க அவளுக்கு இப்போது நேரம் எடுக்கிறது.

“வீட்டை வித்து அந்தக் காசில உங்களுக்குத்தான் கட்ட இருந்தன். ஒரு சதம் நாங்க எடுக்க இல்ல. நீங்க தனிய இருக்கிற எண்டு எனக்கு இரவில நித்திரை இல்ல, தெரியுமா?”

“என்னட்டக் கேட்டியா?”

“கேட்டா ஒண்ணா, வரமாட்டன் எண்டுதானே சொல்லுவீங்க.”

“அதுதான் பதில்.”

அவள் பேனையை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. என்னைப் பார்த்தாள். அவளுடைய தாய் கோபம் வந்தால் இமை வெட்டாமல் பார்ப்பாள், அதே பார்வை.

“போடுறன். ஆனா இந்தப் பயணத்துக்கு எங்கட காசு ஒண்டும் வராது. வான், ரூம், ஜீப், சாப்பாடு, முழுக்க நீங்கதான். உங்கட திட்டம், உங்கட செலவு.”

சரி என்றேன். அவள் போட்டாள். ஒவ்வொரு பிரதியிலும் போட்டாள். வான்காரர் சாட்சிக்கு ஒப்பம் வைத்து, சட்டையில் கையைத் துடைத்தார். நொத்தாரிசின் கூலியும் முத்திரையும் நாற்பத்தையாயிரம். வெளியே வந்தபோது மருமகன், அடுத்து என்ன பாக்கிற மாமா, நீதிமன்றமா என்று கேட்டார்.

அடுத்த நாள் அறுகம்பை போனோம். வானுக்குள் சண்டை இல்லை. வான்காரர் பயந்தது வீண். சண்டை பிடிக்கப் பேசவேண்டுமே. மருமகன் காதில் எதையோ செருகிக்கொண்டார். மகள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து இருந்தாள். அக்கரைப்பற்றில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். மூன்று பேரும் மூன்று மேசையில் இருந்தோம். நாலாவதாக வான்காரர் எந்த மேசை என்று தெரியாமல் நின்றபடியே குடித்தார். அறுகம்பையில் அவர்கள் கடலைப் பார்த்த அறையை எடுத்தார்கள். எனக்குச் சமையலறைப் பக்கம். ஒரு பொரித்த மீனுக்கு அவர்கள் கேட்ட விலைக்கு ஆரையம்பதியில் ஒரு கூடை வாங்கலாம். மருமகன் இரண்டு எடுத்தார். ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே வைத்தார்.

வியாழன் விடியமுன் ஜீப். பாணமை தாண்ட ரோட்டின் குழிகளில் என் இடுப்பு கழன்றது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காட்டின் வாசலில் அவர்களுக்கு வெளிநாட்டார் கட்டணம் என்றார்கள். நான் இங்க பிறந்தவன் என்று மருமகன் வாதாடினார். கையில் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. அந்தப் பணத்தைக் கொடுக்கும்போது எனக்கு வலிக்கவில்லை என்பது இந்தப் பயணத்தில் நான் கண்ட ஒரே அதிசயம்.

சிறுத்தை இல்லை. முதலை, மயில், எருமை, வில்லு என்னும் சதுப்புக் குளத்துக்குள் நிற்கும் செங்கால் நாரைகள். மருமகன் ஓட்டுநரிடம் சிறுத்தை எங்கே என்று ஐந்து தரம் கேட்டு, ஐந்தாம் தரம் என்னிடம் திரும்பி, மாமா சொன்ன சிறுத்தை எங்க என்றார். அதுவும் வீட்டை விட்டு வர மறுத்திருக்கும் என்றேன். மகளின் வாய்க்கோடு கொஞ்சம் அசைந்தது. உடனே மறுபக்கம் கிறுகிவிட்டாள்.

திரும்பும்போது ஒரு குளத்தருகே யானைகள் நின்றன. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“நாலு,” என்றாள் மகள். யாருக்கும் சொல்லவில்லை, வெளியே பார்த்துச் சொன்னாள்.

“அஞ்சு. குட்டி தாய்க்குப் பின்னால.”

அவள் எட்டிப் பார்த்தாள். தாய் யானை ஒரு அடி நகர்ந்தது, குட்டி தெரிந்தது. அன்று முழுவதும் நாங்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் அதே வானில் மொனராகலை வழியாகக் கொழும்புக்குப் போகவேண்டும். என்னைப் பொத்துவில் பஸ் தரிப்பிடத்தில் இறக்கினார்கள். மருமகன் இறங்கவில்லை. கையை மட்டும் கண்ணாடிக்கு வெளியே காட்டினார். போங்கள் என்பதற்கும் வாருங்கள் என்பதற்கும் பொதுவான கை. மகள் இறங்கி என் பையைத் தூக்கி வந்து பஸ் படியில் வைத்தாள்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். சொன்னாள்.

“அந்த இல்லத்துக்கு எழுபத்தையாயிரம் முற்பணம் கட்டினன். திருப்பித் தரமாட்டாங்க. அதையும் உங்கட கணக்கில போடுங்க.”

“போடுறன்.”

“விழுந்தா எனக்குச் சொல்லுங்க.”

அதற்கு நான் பதில் சொல்லமுன் நடத்துனர் விசில் அடித்தார். அவள் வானில் ஏறிக் கதவை இழுத்தாள். வான் மேற்கே திரும்பியது, பஸ் வடக்கே வந்தது. ஆரையம்பதிக்கு நானூற்றி முப்பது ரூபா. ஐநூறு கொடுத்தேன், மிச்சம் எழுபதையும் நடத்துனர் கேட்காமலே தந்தார்.

திங்கட்கிழமை பூரணை விடுமுறை, வங்கி பூட்டு. செவ்வாய் காலை போய் எழுபத்தையாயிரத்தை மகளின் பெயருக்குப் போட்டு, செய்தியும் அனுப்பினேன். அவள் பதில் எழுதவில்லை; செய்தியைப் பார்த்ததற்கான நீலக் கோடுகள் மட்டும் வந்தன. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வழக்கமாகத் தொலைபேசி எடுப்பதும் நின்றுவிட்டது. இன்று வரை எடுக்கவில்லை. விழவில்லை, ஆகவே நானும் எடுக்கவில்லை.

செப்டெம்பரில் அந்தக் கொழும்புப் பெண் ஒரு தரம் எடுத்தாள். ஐயா வருவீங்களா, இல்லாட்டி அந்தக் கட்டிலை இன்னொராளுக்குக் குடுக்கலாமா என்று, அதே மரியாதையோடு கேட்டாள். குடுங்க என்றேன். அவருக்கு ஆற்று மீன் கிடைத்தால் வாங்கிக் குடுங்க என்றும் சொன்னேன். சிரித்தாள்.

ஹொட்டேல், வான், அறுகம்பை அறைகள், ஜீப், வாசல் கட்டணம், பாதியில் வைத்த மீன் உட்படச் சாப்பாடு, நொத்தாரிசு, பஸ், நான் படுக்காத கட்டில், எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்து அறுபத்து நாலாயிரத்து அறுபது ரூபா.